இரட்சணிய யாத்திரிகத்தில் நம்பிக்கையின் ஆதாரம்

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றி நம் இறையியல் மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை, நூலைக் கம்பராமாயணத்தோடு ஒப்பிட்டு, சொல்லாட்சியிலும் விருத்த நடையிலும் உள்ள ஒற்றுமைகளைப் பட்டியலிடும். மற்றொருவகை, ஜான் பனியனின் மூல நூலோடு ஒப்பிட்டு, எவை கூட்டப்பட்டன, எவை குறைக்கப்பட்டன என்று கணக்கெடுக்கும். இரண்டும் வேண்டியனவே. ஆயினும் ஒரு போதகர் இந்நூலிடம் கேட்கவேண்டிய கேள்வி இவ்விரண்டிலும் விடுபட்டுப்போகிறது. இந்த யாத்திரிகன் எதை நம்பி நடக்கிறான்? கால் இடறும்போதும், எதிரி குற்றஞ்சாட்டும்போதும், மரணம் ஆறாய்க் குறுக்கிடும்போதும் அவனைத் தாங்குவது அவன் இதுவரை நடந்து முடித்த தூரமா? வேறொன்றா?

இக்கேள்வி இலக்கியச் சுவை பற்றியது மட்டுமன்று. நம் பிரசங்க பீடங்களிலிருந்து இன்று அதிகமாய் ஒலிக்கும் சொற்களுள் ஒன்று 'தன்னம்பிக்கை'. உழைப்பு, முயற்சி, வெற்றி, உயர்வு என்பவை சாட்சி வேளைகளின் வழக்குச் சொற்களாகிவிட்டன. அவற்றின் இறுதியில் கர்த்தருடைய நாமம் சேர்க்கப்படுகிறது. அது சேர்க்கப்பட்டதினாலேயே அந்நம்பிக்கை கிறிஸ்தவ நம்பிக்கை ஆகிவிடுமா என்பதை ஆராய, இரட்சணிய யாத்திரிகத்தினும் சிறந்த தமிழ் நூல் நமக்கு இல்லை.

1. நூலும் ஆசிரியரும்

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு நெல்லைச் சீமையின் கரையிருப்பில், வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணப் பயிற்சி அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். கிறிஸ்தவ நிறுவனத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டே, அந்நிறுவனத்தின் விசுவாசத்தை ஏற்காதவராய்ச் சில ஆண்டுகள் இருந்தார். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. அன்று அவர் தம் வாழ்வை இனிமேல் அமைத்துக்கொள்ள வேண்டிய இளைஞர் அல்லர். கல்வியால் ஏற்கெனவே பெயரும் இடமும் பெற்றிருந்த புலவர். ஆகவே இரட்சணிய யாத்திரிகம், எதுவும் இல்லாதவன் ஒன்றைப் பற்றிக்கொண்ட கதையன்று. பெருமை பாராட்டத் தக்கவை பல கையிலிருந்த ஒருவர், அவற்றின்மேல் தம் நம்பிக்கையை வைக்க மறுத்ததன் பாட்டு என்று அதைக் கொள்வதே பொருந்தும்.

நூல் பாளையங்கோட்டையின் நற்போதகம் இதழில் 13 ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூல்வடிவம் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களையும், 3,766 பாடல்களையும் கொண்டது. ஆசிரியர் 1900ஆம் ஆண்டு மறைந்தார். பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி 1966இல் இப்புலவரைப் பற்றித் தனிநூல் ஒன்று ஆங்கிலத்தில் வெளியிட்டு, தமிழகத்துக்கு வெளியே உள்ளவரும் இவரை அறியச் செய்தார்.

மூல ஆசிரியரான பனியனின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்த தொழிலாளி. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. உரிமமின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டில் சிறையிருந்தவர். அவர் நூலின் முதற்பாகம் 1678இல் வெளிவந்தது. கல்லாத் தொழிலாளி ஒருவர் எழுதியதைக் கற்றறிந்த புலவர் ஒருவர் தம் மொழிக்குரியதாக்கினார். கல்வியின்மையும் கல்விப் பெருக்கமும் ஒரே பாதையில் நடக்கக் கூடுமானால், அப்பாதையின் தகுதி நடப்பவரிடத்தில் இல்லை என்பது நூலைத் திறக்குமுன்னரே புலனாகிறது.

2. காப்பியத் தலைவன் யார்?

பெருங்காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுக்கும் இலக்கணம். கம்பனுக்கு அத்தகைய தலைவன் இருந்தான். கிருஷ்ண பிள்ளைக்குக் கிடைத்த கதையிலோ, நடப்பவன் ஒப்பற்றவன் அல்லன். அவன் ஊரைவிட்டுப் புறப்பட்டதும் சேற்றில் விழுகிறான். உலக ஞானி ஒருவன் சொற்கேட்டு வழிவிலகுகிறான். ஏறவேண்டிய மலையில் உறங்குகிறான். குறுக்குவழி தேடிக் கோட்டைச் சிறையில் அடைபடுகிறான். கடைசி ஆற்றில் மூழ்கப் பார்க்கிறான். வீரயுகத்து அளவுகோலால் அளந்தால், இவனைக் காப்பியத் தலைவன் என்று அழைக்க எந்தப் புலவனும் துணியமாட்டான்.

இந்த இடர்ப்பாட்டிலிருந்தே நூலின் மிகச் சிறந்த அமைப்பு பிறந்தது என்பது நம் கருத்து. பனியன், கிறிஸ்துவின் பாடுகளைத் தம் வாசகர் அறிந்திருப்பர் எனக் கொண்டு, சிலுவையைப் பாதையோரத்தில் ஒரு காட்சியாக நிறுத்திவிட்டு நகர்கிறார். கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரித படலத்தை அமைத்து, மீட்பரின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். தமிழ் வாசகருக்கு வரலாறு தெரியாது, ஆகையால் சேர்த்தார் என்று இதற்குக் காரணம் கூறுவதுண்டு. அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. ஒப்பற்ற தலைவன் இல்லாத காப்பியம் நிற்காது. நடக்கிறவன் அந்தத் தகுதியுடையவன் அல்லன் என்றால், தலைவனை வேறிடத்தில் காட்டவேண்டும். குமார பருவம் அவனைக் காட்டுகிறது.

காட்டுகிற விதமும் கவனிக்கத்தக்கது. அத்தலைவன் வில்லேந்தி நிற்கவில்லை, கட்டுண்டு நிற்கிறான். பகைவர் கயிற்றால் பிணிக்கும்போது அவர் உடன்பட்டு நின்றதற்குக் காரணம் கயிற்றின் வலிமையன்று, மாந்தர்மேல் கொண்ட அன்பென்னும் கட்டினின்று அவர் விடுபட மாட்டாமையே என்று புலவர் பாடுகிறார். காப்பியத்தின் ஒரே வெற்றி இங்கே வெல்லப்படுகிறது. யாத்திரிகன் பின்னர்ப் பெறுகிற வெற்றிகள் யாவும் இதன் நிழல்கள். காப்பிய இலக்கணம் புலவரின் இறையியலைக் கூர்மையாக்கிய அருமையான இடம் இது. நம் மாணவர் கம்பனின் எதிரொலியை எண்ணிக் கணக்கிடும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிட்டால் நன்று.

3. சுமை இறங்கும் இடம்

யாத்திரிகனின் முதுகிலுள்ள பாவச்சுமை எங்கே விழுகிறது என்பதைக் கவனியாமல் இக்கதையைப் படிப்பவர், இதனை ஒரு முயற்சிக் கதையாகவே கொள்வர். நெடுவழி நடந்து, மலையேறி, அரக்கனை வென்று, இறுதியில் நகரத்தை அடைந்தபோது சுமை நீங்கியிருந்தால், இதுவும் உழைத்து உயர்ந்தவனின் வரலாறே ஆகும். பனியன் அவ்வாறு அமைக்கவில்லை. பயணத்தின் தொடக்கப் பகுதியிலேயே, கடினமலையை ஏறுமுன், பகைவனைச் சந்திக்குமுன், சிலுவையின் அருகே சுமை தானாய்க் கழன்று விழுகிறது. அவன் அதை அவிழ்க்கவில்லை. அவிழ்க்கும் கலையைக் கற்கவும் இல்லை. மன்னிப்பும், புதிய ஆடையும், நெற்றியில் அடையாளமும், முத்திரையிட்ட பத்திரமும் அங்கே அவனுக்குத் தரப்படுகின்றன. இதன்பின் வரும் நெடும்பயணம் விடுதலை பெறுவதற்கான நடையன்று; விடுதலை பெற்றவனின் நடை.

இதற்கு முன் அவன் வழிவிலகிய நிகழ்ச்சி இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டியது. உலக ஞானி அவனுக்குச் சொன்னது தீய வழியன்று. ஒழுக்கம் என்னும் ஊரில், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளும் கண்ணியமான பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் சுமையை எளிதில் இறக்குவார் என்பதே அவன் யோசனை. அவ்வூருக்குப் போகும் வழியில் மலை ஒன்று தலைமேல் சாய்ந்து நிற்க, யாத்திரிகனுடைய சுமை முன்னிலும் பாரமாகிறது. நம்முடைய நற்செயல்களை நம் உறுதிக்கு ஆதாரமாக்குவோமானால், ஒவ்வொரு நற்செயலும் அடுத்ததைக் கேட்கும். போதும் என்று சொல்லும் இடம் வராது. தேர்ச்சி பெற்றவன் முதலிடம் தேடுகிறான். முதலிடம் பெற்றவன் அதை இழக்கும் நாளை அஞ்சுகிறான். சாதனையில் ஊன்றிய உறுதி, சாதனை பெருகப் பெருகத் தளர்கிறது. பனியன் இதை ஒரு மலையின் சாய்வாகக் காட்டிவிட்டார்.

4. குற்றச்சாட்டுக்கு யாத்திரிகன் சொன்ன பதில்

தாழ்மையின் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் யாத்திரிகனை எதிர்ப்பதைப் பெரும்பாலோர் வாட்போருக்காகவே நினைவில் வைத்திருக்கின்றனர். போருக்கு முன் நிகழும் வாக்குவாதமே இன்றியமையாதது. பகைவன் யாத்திரிகனின் தோல்விகளை வரிசையாக எடுத்துரைக்கிறான். சேற்றில் மனம் தளர்ந்தாய், சுமையைத் தவறான வழியில் இறக்கப் பார்த்தாய், உறங்கி உன் பத்திரத்தை இழந்தாய், செய்தவற்றைப் பேசும்போது வீண்புகழை உள்ளூர விரும்பினாய் என்று அடுக்குகிறான். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று.

இன்றைய தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் ஒருவர் யாத்திரிகனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்? தோல்விகளை நினையாதே, வெற்றிகளை எண்ணிப்பார், மலையேறியதை நினைத்துக்கொள் என்றிருப்பார். யாத்திரிகன் அப்படிச் செய்யவில்லை. நீ சொன்னதெல்லாம் உண்மை, நீ சொல்லாமல் விட்டவை இன்னும் பல, ஆயினும் நான் சேவிக்கும் அரசர் மன்னிக்க ஆயத்தமுள்ளவர் என்பதே அவன் மறுமொழியின் சாரம். எதிரியின் பட்டியலைச் சுருக்க முயலாமல் அதை நீட்டிக் கொடுத்து, அதன்பின்னும் நிலைகுலையாமல் நிற்கிறவனே உண்மையில் உறுதியுள்ளவன். ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், தேவன் தெரிந்துகொண்டவர்களைக் குற்றஞ்சாட்டுகிறவன் யார் என்று பவுல் கேட்பதும் இத்தகைய நிலையிலிருந்துதான். குற்றச்சாட்டு எழாது என்று அப்போஸ்தலன் சொல்லவில்லை. தீர்ப்பளிக்கிறவர் யார் என்பதையே சொல்கிறார்.

பயணத்தின் பிற்பகுதியிலும் இதே நியதி தொடர்கிறது. சந்தேகக் கோட்டையில் அடைபட்ட யாத்திரிகன் பூட்டை உடைக்கவில்லை. வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை நினைவுகூர்கிறான். கடைசி ஆற்றில், இத்தனை அனுபவமும் பெற்றபின், அவனே அதிகமாக மூழ்குகிறான். உடன் வந்த தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்குகிறான். ஆற்றின் ஆழம், மன்னனிடத்து வைக்கும் விசுவாசத்துக்கேற்பக் கூடவும் குறையவும் செய்யும் என்று பனியன் எழுதுகிறார். மூத்த கிறிஸ்தவனாயிற்றே, எளிதில் கடப்பான் என்ற எதிர்பார்ப்பை அவர் வேண்டுமென்றே முறிக்கிறார். ஆன்மீக அனுபவமும் ஒரு சாதனையாகச் சேமிக்கப்படலாகாது. ஐம்பது ஆண்டு ஊழியம் செய்தவரும் நேற்று ஞானஸ்நானம் பெற்றவரும் ஆற்றங்கரையில் ஒரே வாக்குத்தத்தத்தையே பற்றவேண்டும்.

5. அறியாமை என்னும் வாலிபன்

கதையில் நம் காலத்துக்கு மிக நெருக்கமான பாத்திரம் அறியாமை என்னும் பெயருடைய வாலிபன். அவன் நாத்திகன் அல்லன், துன்மார்க்கனும் அல்லன். ஜெபிக்கிறான், உபவாசிக்கிறான், தசமபாகம் கொடுக்கிறான். கிறிஸ்துவையும் அறிக்கையிடுகிறான். தன் கடமைகளைக் கிறிஸ்து தம் புண்ணியத்தினால் பிதாவுக்கு ஏற்றவையாக்குகிறார், அவ்வாறு தான் நீதிமானாவேன் என்பது அவன் விசுவாசம். கேட்பதற்குக் குறையில்லாத அறிக்கையாகவே தோன்றும். யாத்திரிகன் அதைத் திருத்துகிறான். நீ கிறிஸ்துவை உன் செயல்களை நீதியாக்குகிறவராகக் கொள்கிறாய், உன்னை நீதிமானாக்குகிறவராகக் கொள்ளவில்லை என்பது அத்திருத்தத்தின் பொருள்.

பிரசங்கத்துக்கு இதனினும் கூரிய அளவுகோல் கிடைப்பது அரிது. கிறிஸ்து என் முயற்சிக்குத் துணை, என் படிப்புக்கு உதவி, என் தொழிலுக்கு ஆசீர்வாதம் என்பவற்றில் ஒன்றும் பொய்யன்று. ஆனால் அவை மட்டுமே சொல்லப்படும்போது, நடுவில் நிற்பது என் முயற்சி; கிறிஸ்து அதன் பக்கத்தில் நிற்கும் துணையாள். முயற்சி தோற்றால் துணையாளும் தோற்றவராகிறார். அறியாமை என்னும் வாலிபன் நகர வாயில்வரை வந்தும் பத்திரமின்றித் தள்ளப்பட்டான் என்பது கடுமையான முடிவு. ஆயினும் அவனுக்கு எச்சரிக்கை முன்னமே கிடைத்திருந்தது என்பதை மறக்கலாகாது.

1952இல் நியூயார்க் நகரப் போதகர் நார்மன் வின்சென்ட் பீல், நேர்மறைச் சிந்தனையின் வல்லமையைப் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில், தன்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினால் எல்லாவற்றிற்கும் பெலனுண்டு என்று பவுல் சொல்வதை, தாழ்வு மனப்பான்மை நீங்கும்படி மீண்டும் மீண்டும் சொல்லிக்கொள்ளும் வாசகமாக அவர் பரிந்துரைத்தார். அவ்வசனம் இன்று நம் நாட்காட்டிகளிலும், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும், தேர்வுக்குச் செல்லும் பிள்ளைகளின் பேனாப் பெட்டிகளிலும் இடம்பெறுகிறது. ஆனால் பவுல் அதை எழுதியது காவலில் இருந்தபோது. அதற்கு முந்திய வசனங்களில் அவர் கற்றுக்கொண்டதாகச் சொல்வது, தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், பசித்திருக்கவும் திருப்தியாயிருக்கவும் கூடிய மனநிறைவு. தோல்வியிலும் அழியாத ஒன்றைப் பற்றிய சாட்சியை, தோல்வியே வராதென்ற உறுதிமொழியாக நாம் மாற்றிவிட்டோம்.

6. வைணவச் செவியும் கிறிஸ்தவப் பாட்டும்

தன்னிடம் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டு சரண்புகுவது தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. தாய்க்குரங்கைப் பற்றிக்கொள்ளும் குட்டியைப்போல் ஆன்மா இறைவனைப் பற்றவேண்டுமா, பூனை கவ்விச் செல்லும் குட்டியைப்போல் அவனால் சுமக்கப்படுகிறதா என்று வைணவ ஆசாரியர் நெடுங்காலம் வாதிட்டிருக்கின்றனர். இவ்வுணர்வு படிந்த குடும்பத்தில் வளர்ந்தவர் கிருஷ்ண பிள்ளை. கிருபையைப் பற்றிய நற்செய்தி அவர் செவியில் விழுந்தபோது, அதை ஏற்கத்தக்க சொற்கள் அவரிடம் முன்னமே இருந்தன. காப்பியத்தின் இடையிடையே அமைந்த தேவாரங்கள் இதற்குச் சான்று. இறைவனையன்றித் தனக்குத் துணையோ உறவோ இல்லை என்று முறையிடும் ஒரு தேவாரம் இன்றும் நம் ஆராதனைகளில் பாடப்படுகிறது.

எனினும் வேறுபாட்டையும் குறிக்கவேண்டும். இத்தேவாரங்களில் வரும் சரணாகதி, குமார பருவத்தின் சிலுவையைக் கடந்து வந்தது. ஒருவன் தன்னை எளியவனாக உணர்வது மட்டும் அவனுக்கு உறுதி தராது. அவ்வுணர்வே சிலருக்கு ஒரு பெருமையாகிவிடுவதுண்டு. உறுதி, கிறிஸ்து செய்து முடித்ததிலிருந்து வருகிறது. பனியன் தம் ஆன்மீக வரலாற்றை உரைக்கும் நூலில், தம் நீதி பரலோகத்தில் தேவனுடைய வலதுபாரிசத்தில் இருக்கிறதென்றும், தம் மனநிலை நன்றாயிருப்பதனால் அது கூடுவதுமில்லை, மோசமாயிருப்பதனால் குறைவதுமில்லை என்றும் கண்டுகொண்டதை எழுதுகிறார். நமக்குப் புறம்பே உள்ள நீதி என்று லூத்தர் போதித்ததும் இதுவே.

7. காப்பியத்தின் குறைகள்

இவ்வளவும் சொன்னபின் நூலின் குறைகளை மறைப்பது திறனாய்வாகாது. கிருபையைப் பாடும் இந்நூல், பல இடங்களில் கல்வித் திறத்தைக் காட்டுவதில் மகிழ்கிறது. வருணனைகள் நீள்கின்றன, அரிய சொற்கள் அடர்கின்றன. நம் சபையார் பெரும்பாலோர் உரையின்றி இதன் ஒரு படலத்தைக்கூடப் படித்து முடிக்க இயலாது. கிறிஸ்தவர் எழுதும் தமிழ் பாதிரித் தமிழ் என்று எள்ளப்பட்ட காலத்தில், புலவர் அவையில் இடம்பெறும் காப்பியம் ஒன்று தேவைப்பட்டது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்தத் தேவையே சாதனையின் தேவை அல்லவா? சுமையிறக்கிய யாத்திரிகனைப் பாடும் நூல், புலமை என்னும் சுமையை முற்றிலும் இறக்கிவைக்கவில்லை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இங்கு ஒப்பிடலாம். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் அவற்றைச் சபைப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து வெளியிட்டபின், எழுத்தறியாதவர் நாவிலும் அவை ஏறின. கிருஷ்ண பிள்ளையின் நூலிலும் சபையின் நாவில் ஏறியவை தேவாரங்களே. கம்பனோடு போட்டியிட்ட பகுதிகள் நூலகத்தில் தங்கின; கைவிரித்து நின்ற பகுதிகள் ஆலயத்துக்குள் வந்தன. நூலின் செய்திக்கு நூலின் வரலாறே சாட்சியாய் அமைந்துவிட்டது.

8. ஒரு மறுப்பும் விடையும்

இங்கு வலிமையான மறுப்பு ஒன்று எழும். திருமங்கலத்தைச் சுற்றிய மானாவாரிக் கிராமங்களில், தலைமுறை தலைமுறையாக, உன்னால் இயலாது என்றே சொல்லப்பட்ட மக்கள் இருக்கின்றனர். அவர்கள் பிள்ளைகள் முதன்முறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கையில், உன்னை நம்பாதே என்று போதிப்பது அடிமைத்தனத்துக்குத் துணைபோவதாகாதா? தொண்டியைச் சேர்ந்த அப்துற் றஹீமும், பின்னர் எம். எஸ். உதயமூர்த்தியும் எழுதிய முன்னேற்ற நூல்கள் இத்தகைய இளைஞர் பலருக்கு ஊன்றுகோலாயின அல்லவா?

இம்மறுப்பை எளிதாய்த் தள்ளலாகாது. அந்நூல்கள் செய்த நன்மையை நன்றியோடு ஏற்கவேண்டும். ஒடுக்கப்பட்டவனிடம் தாழ்மையைப் போதித்து, ஒடுக்கியவனிடம் மௌனம் சாதிப்பது சுவிசேஷமன்று. ஆனால் பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் மாம்சத்தின்மேல் வைக்கும் நம்பிக்கையைப் பட்டியலிடும் முறையை நோக்குக. முதலில் வருவது பிறப்பு: இன்ன வம்சம், இன்ன கோத்திரம். அதன்பின்னரே வைராக்கியமும் நியாயப்பிரமாண நீதியும் ஆகிய சாதனைகள். இரண்டையும் ஒரே தொகுப்பில் வைத்து நஷ்டமென்று எண்ணுகிறார். சாதிப்பெருமையும் சாதனைப்பெருமையும் ஒரே வேரின் இரு கிளைகள் என்பது இதனால் விளங்கும். பிறப்பால் வரிசைப்படுத்திய சமுதாயம், மதிப்பெண்ணால் வரிசைப்படுத்தத் தொடங்கினால், வரிசை மாறுமேயன்றி வரிசைப்படுத்தும் வழக்கம் ஒழியாது. கடைசியில் நிற்பவன் ஒருவன் எப்போதும் இருப்பான்.

நம் மிஷன் வரலாறும் இதைக் கற்பிக்கிறது. 1842இல் திருமங்கலத்தில் வில்லியம் ட்ரேசியின் பொறுப்பில் தொடங்கி 1845இல் பசுமலைக்கு மாறிய கல்விச்சாலை, இப்பகுதியின் உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கியது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1847இல், சாதியை விடாதவர் சபைத் தொடர்பில் நீடிக்க இயலாது என அமெரிக்க மதுரை மிஷன் தீர்மானித்தபோது, கற்றுத் தேர்ந்த ஊழியர்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. வேதபாடங்களில் தேர்ச்சி பெற்றும் பிறப்பின் பத்திரத்தை நெஞ்சிலிருந்து எடுக்க இயலவில்லை. கல்வி தானாக மனிதனை விடுவிக்காது என்பதற்கு இதனினும் அருகில் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆகவே ஒடுக்கப்பட்ட இளைஞனுக்கு நாம் சொல்லவேண்டியது, உன்னை நம்பாதே என்பதன்று. நீ எதையும் சாதிக்குமுன்பே உன் நெற்றியில் அடையாளம் இடப்பட்டிருக்கிறது. தேர்வுத்தாள் உன் பெயரை எழுதுமுன்னர் ஞானஸ்நானத் தொட்டியருகே உன் பெயர் அழைக்கப்பட்டிருக்கிறது என்பதே. தன் மதிப்பைச் சம்பாதிக்கவேண்டிய கட்டாயம் நீங்கியவனே அச்சமின்றி முயலக்கூடும். தோற்றால் அவன் இழப்பது தேர்வை மட்டுமே, தன்னை இழப்பதில்லை. கிருபை முயற்சியை அழிப்பதன்று. முயற்சியைப் பயத்தினின்று விடுவிப்பது. யாத்திரிகன் சுமை விழுந்தபின் உட்கார்ந்துவிடவில்லை, அதன்பின்தான் மலையேறினான்.

புராட்டஸ்டன்டு மரபும் இவ்விஷயத்தில் குற்றமற்றதன்று. தெரிந்துகொள்ளப்பட்டோமா என்ற அச்சத்தில், உலகத் தொழிலில் வரும் வெற்றியையே அதற்கு அடையாளமாகத் தேடிய மனப்பான்மையை மாக்ஸ் வெபர் 1904–05ஆம் ஆண்டுகளில் எழுதிய ஆய்வில் சுட்டினார். வெளியேற்றிய கிரியைகளைப் பின்வாசல் வழியே உள்ளே அழைக்கும் இவ்வழக்கம் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. கடன் தீர்ந்ததும் வீடு கட்டியதும் வேலை கிடைத்ததும் சாட்சியாகவும், அவை நிகழாதது விசுவாசக் குறைவாகவும் எண்ணப்படும் எந்தச் சபையிலும் அது உயிரோடிருக்கிறது.

9. நம் ஊழியத்துக்கு

ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்து ஞாயிறன்று, அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை முன்னே அழைத்து ஜெபிப்பது பல சபைகளின் வழக்கம். அதை நிறுத்தவேண்டுவதில்லை, மகிழ்வாரோடு மகிழ்வது அப்போஸ்தலக் கட்டளை. ஆனால் அன்று ஆலயத்துக்கு வராத பிள்ளை ஒன்று இருக்கும். அதன் வீட்டுக்கு அன்று மாலையே செல்லாத போதகர், காலையில் எதைப் பிரசங்கித்தார் என்பதைச் சிந்திக்கவேண்டும். அவ்வீட்டில் சொல்வதற்கு நம்மிடம் செய்தி இருக்குமானால், அதுவே காலையிலும் சொல்லவேண்டிய செய்தி. அடுத்த முறை வெற்றி பெறுவாய் என்பது ஆறுதலே. எனினும் அது வாக்குத்தத்தமன்று.

எரேமியா பதினேழாம் அதிகாரத்தில், மாம்சத்தைப் புயபலமாக்குகிறவனை வனாந்தரத்துச் செடிக்கும், கர்த்தரை நம்புகிறவனை நீரோரத்து மரத்துக்கும் தீர்க்கதரிசி ஒப்பிடுகிறார். நீரோரத்து மரத்துக்கும் கோடை வருகிறது, வறட்சி ஆண்டும் வருகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. குண்டாறு பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடப்பதைக் கண்டு வாழும் நம் மக்களுக்கு இது விளங்கும். கரிசல் நிலத்துப் பருத்திக்காரர் குறைவின்றி உழைக்கிறார். மழை பொய்த்த ஆண்டில் விளைச்சல் அவர் உழைப்புக்குச் சாட்சி சொல்வதில்லை. உழைப்பின் பலனைக்கொண்டு மனிதனை அளக்கும் போதனை அவரிடம் செல்லாது. வேர் எங்கே ஊன்றியிருக்கிறது என்று கேட்கும் போதனை செல்லும்.

திருவிருந்து வேளையில் நம் சபையார் முழந்தாளிட்டு வெறுங்கையை நீட்டுகின்றனர். அங்கே பட்டம் பெற்றவரும் பள்ளியை விட்டவரும், நிலமுள்ளவரும் கூலிக்குச் செல்பவரும் ஒரே அப்பத்தைப் பெறுகின்றனர். எதையும் பிடித்துக்கொண்டிருக்கும் கை அதை வாங்க இயலாது. கிருஷ்ண பிள்ளை 3,766 பாடல்களில் சொன்னதை ஆராதனை முறைமை ஒரு செய்கையில் சொல்கிறது. இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடத்திட்டத்தில் மட்டும் வைத்திராமல், அதன் தேவாரங்களையேனும் திருவிருந்துக்கு ஆயத்தமாகும் வேளையில் சபையாரோடு சேர்ந்து பாடக் கற்பிப்பது இறையியல் மாணவர் செய்யத்தக்க பணி. புலவருக்கும் அது ஏற்ற நன்றியாகும்.